சீட் மணிக்கு எழுதப் போறீங்களா? மார்ச் 31ல இருந்து பின்னாடி எண்ணுங்க

சர்க்குலர் எப்பவுமே வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் வரும். டிபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்புல கோணலா ஸ்கேன் பண்ணுன ஒரு பிடிஎஃப், ஃபேகல்ட்டிக்கு சீட் மணி (ஆராய்ச்சி ஆரம்பிக்கக் காலேஜே குடுக்கற சின்னத் தொகை), ப்ரொபோசல் குடுக்கலாம்னு நாலு வரி, கடைசி தேதிக்குப் பத்து நாள் இருக்கும், கீழ டீன் கையெழுத்து. பழைய ஆளுங்க ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிருவாங்க. புதுசா சேந்தவங்கதான் தெறந்து பாத்துட்டு, இது நமக்கா பெரியவங்களுக்கா, எவ்வளவு கேக்கலாம், யாருகிட்டக் குடுக்கோணும்னு ஒண்ணும் வெளங்காம அப்படியே விட்டுருவாங்க. நானும் மொத ரெண்டு வருஷம் விட்டேன். மூணாவது வருஷம் எழுதினேன், ரிஜெக்ட் ஆச்சு. அதுக்கடுத்த வருஷம் கெடச்சுது. இப்ப கமிட்டியில ஒரு ஓரமா உக்காந்து மத்தவங்க எழுதறதைப் படிக்கற சோலியும் என்ற தலையில விழுந்துருக்குது. நான் கெமிஸ்ட்ரி, ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் நடுவுல ஒரு காலேஜ், அதுக்கு மேல விவரம் வேண்டாம். காலேஜுக்குக் காலேஜ் ஃபார்ம் மாறும், ரேட் மாறும், ஆனா சிக்கற எடம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, காலேஜ் எதுக்கு இந்தக் காசைக் குடுக்குது? நம்ம மேல பாசத்துல இல்லீங்க. நாக்னு காலேஜுங்களோட தரத்தை மதிப்பிடற அமைப்பு இருக்குது, அதோட அக்ரிடிடேஷன்ல ஆராய்ச்சி பத்தின பகுதியில யுனிவர்சிட்டிக்கும் அட்டானமஸ் காலேஜுக்கும் டீச்சருங்களுக்கு சீட் மணி எவ்வளவு குடுத்தீங்கன்னு கேக்கற ஒரு அளவுகோல் இருக்குது. அவங்க சரிபாக்கறப்ப சாங்ஷன் லெட்டர், ஆடிட் பண்ணுன கணக்கு, ரிப்போர்ட்னு எடுத்து வெக்கோணும். அதனால காலேஜுக்கு வேண்டியது நோபல் பரிசு இல்ல, ஆரம்பிச்சு முடிச்சு பில்லோட மூடுன ஒரு ஃபைல். இது கேவலம்னு நெனைக்காதீங்க, இதைப் புரிஞ்சுக்கிட்டா எழுதறது பாதி சுலபம், உங்க ப்ரொபோசலைப் படிக்கறவர் மனசுல ஓடற ஒரே கேள்வி "இந்த ஆளு முடிப்பாரா"ங்கறதுதான்.

இப்ப காலண்டரை எடுங்க. பேப்பர்ல "ஒரு வருஷ ப்ராஜெக்ட்"னு போட்டிருக்கும். நெசத்துல என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஜூலையில சர்க்குலர், ஆகஸ்ட்ல பிரசண்டேஷன், சாங்ஷன் லெட்டர் கைக்கு வர்றப்ப செப்டம்பர் முடிஞ்சிரும். ஆயுத பூஜை, தீபாவளி. நவம்பர் டிசம்பர்ல செமஸ்டர் எக்ஸாம், இன்விஜிலேஷன், பேப்பர் திருத்தறது. அப்பறம் பொங்கல், நம்ம பக்கம் அது ஒரு வாரம், லேப் அசிஸ்டெண்ட் ஊருக்குப் போனா பூப்பறிக்கற நோம்பி முடிஞ்சுதான் வருவாரு. பிப்ரவரி கடைசியில அக்கவுண்ட்ஸ்ல இருந்து மெயில் வரும், எல்லா பில்லும் மார்ச் 15க்குள்ள வந்துரோணும், 31க்கு மேல வந்தா அந்த வருஷ பட்ஜெட்டுல எடுக்க முடியாதுன்னு. எண்ணிப் பாருங்க, கையில இருக்கறது நாலு மாசம், நெம்ப நல்லா இருந்தா அஞ்சு. இந்த நாலு மாசத்துல எது முடியுமோ அதை மட்டும் எழுதுங்க. ப்ராஜெக்ட் காலம் அடுத்த வருஷத்துக்கும் ஓடும்னு பாலிசியில இருந்தாக் கூட மெஷினும் கெமிக்கலும் இந்த மார்ச்சுக்குள்ள வாங்கியாகோணும்னு வெச்சுக்குங்க.

கேள்வியைப் புடிக்கறதுக்கு வருவோம், இதுலதான் நான் மொதல்ல சறுக்குனேன். என்ற மொத ப்ரொபோசல் சாயத்தண்ணியில கலர் எடுக்கறது, தென்னை நார்க் கழிவுல இருந்து கார்பன் பண்ணி. கொங்குல கெமிஸ்ட்ரியோ சிவிலோ படிச்சவங்க பத்துப் பேர்ல நாலு பேராவது இதைத்தான் எழுதறோம், பொள்ளாச்சியில நாரு கெடைக்குது, திருப்பூர்ல சாயம் கெடைக்குது, வேறென்ன வேணும். கமிட்டியில வெளிய இருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ரெண்டே கேள்விதான் கேட்டார். "ஏனம்மிணி, இதை இதுக்கு முன்னாடி எத்தனை பேர் பண்ணியிருக்காங்க?" அதுக்கே நான் முழிச்சேன். அடுத்து, "அந்த மஃபிள் ஃபர்னஸ் கேட்டிருக்கியே, அதை எங்க வெக்கப் போற?" அது நெம்ப சூடு ஏத்தற கரண்ட் உலை, எங்க லேபுல 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட்டே ஒண்ணுதான், அதுல ஓவன் ஓடிட்டு இருக்குது. நான் அதை ரோசனையே பண்ணல. அவ்வளவுதான், போச்சு.

அடுத்த வருஷம் எழுதறதுக்கு முன்னாடி நான் பண்ணுன ஒரே வித்தியாசம், திருப்பூருக்கு பஸ் ஏறிப் போய் சாயத்தண்ணி சுத்தம் பண்ற ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்துல அரை நாள் நின்னேன். 2011 ஜனவரியில மெட்ராஸ் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்பறம், சொட்டுத் தண்ணி வெளிய விடாத முறைக்கு மாறினாத்தான் ஓட்டலாம்னு ஆகிப்போச்சு, தண்ணியை ஆர்ஓவுல விட்டு, மிச்சத்தை எவாப்பரேட்டர்ல காய்ச்சி, உப்பைப் பிரிச்சுத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பறாங்க. அங்க இருந்த ஆப்பரேட்டர்கிட்ட கலர் எடுக்கறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன், அவரு சிரிச்சுட்டே "கலர் எல்லாம் பிரச்சினையே இல்லீங் மேடம், இதைப் பாருங்"னு ஒரு ஷெட்டைக் காட்டினாரு. மூட்டை மூட்டையா அடுக்கி வெச்ச கலவை உப்பு, பக்கத்துல ஸ்லட்ஜ்ங்கற கழிவுச் சேறு, திரும்பப் பட்டறைக்கும் ஆகாது, வெளிய கொட்டவும் முடியாது. நான் மூணு வருஷமா படிச்ச பேப்பர்ல இல்லாத கேள்வி அந்த ஷெட்டுல கெடந்துச்சு. அந்த உப்புல என்னென்ன எவ்வளவு இருக்குது, மாசத்துக்கு மாசம் எவ்வளவு மாறுதுன்னு மட்டும் கேட்டு ஒரு ப்ரொபோசல் எழுதினேன். சின்ன கேள்வி. சாம்பிள் எடுக்கறதும் டெஸ்ட் பண்றதும்தான் வேலை. சாங்ஷன் ஆச்சு.

அதனால உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன், நம்ம ஊர்ல பொறந்த அதிர்ஷ்டம் என்னன்னா எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும் ஒரு மணி நேர பஸ் தூரத்துல ஒரு தொழில் இருக்குது. மெக்கானிக்கல்னா கோயமுத்தூர் பம்புசெட்டும் ஃபவுண்டரியும், ஃபுட் டெக்னாலஜின்னா சேலத்து ஜவ்வரிசியும் நாமக்கல் முட்டையும், பிசினஸ் படிப்புன்னா ஈரோட்டு மஞ்சள் 2019ல புவிசார் குறியீடு வாங்குன பின்னாடி விவசாயிக்கு ஏதாச்சும் வெலை கூடுச்சான்னு மஞ்சமண்டியில நின்னு கேக்கலாம், தமிழ்த் துறைன்னா பவானி ஜமக்காளத் தறிக்காரங்க பேசற தொழில் சொல்லுங்களைத் தொகுக்கலாம். ஆளுங்ககிட்ட சர்வே எடுக்கறதா இருந்தா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், அதுக்குத் தனியா ஒரு மாசம் ஒதுக்குங்க, பலரும் இதை சாங்ஷனுக்கு அப்பறம்தான் ஞாபகம் வெச்சுக்கறாங்க.

அப்பறம் பட்ஜெட். உதாரணத்துக்கு ஒன்றரை லட்சம்தான் உச்ச வரம்புன்னு வைங்க. மெஷின் 60,000, கெமிக்கல் கண்ணாடி சாமான் 40,000, வெளிய டெஸ்ட் பண்ற செலவு 30,000, போக்குவரத்து 10,000, கண்டிஞ்சன்சிங்கற சில்லறைச் செலவு 10,000. பாக்க அழகா இருக்குது. ஆனா அந்த 60,000ங்கறது கொட்டேஷன்ல மேல போட்டிருந்த வெலை, கீழ 18 பர்சன்ட் ஜிஎஸ்டி தனின்னு குட்டியா எழுதியிருப்பான், அதைச் சேத்தா 70,800. அந்த 10,800 எங்கிருந்து வரும்? உங்க பாக்கெட்டுல இருந்துதான். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு டிஎஸ்ஐஆர் (சென்ட்ரல் கவர்மெண்டோட அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) சர்டிபிகேட் காட்டினா 5 பர்சன்ட்தான்னு சீனியருங்க சொல்லுவாங்க, அந்தச் சலுகை 2022 ஜூலை 18ல இருந்து எடுத்தாச்சு, அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. லாரி வாடகை, இன்ஸ்டலேஷன், வயரிங் எல்லாம் கொட்டேஷனுக்குள்ளயே வருதான்னு வாய்விட்டுக் கேளுங்க.

மெஷினே வாங்காம முடிஞ்சா இன்னும் நல்லது. சின்ன கிராண்டுல மெஷின் வாங்கறது அரை மெஷின் வாங்கற மாதிரி, ஸ்பேர் பார்ட் வாங்கவும் அடுத்த வருஷம் ஏஎம்சிங்கற பராமரிப்புக் கட்டணம் கட்டவும் காசு இருக்காது, தூசி படிஞ்சு கெடக்கும். துணி, நூல் சம்பந்தப்பட்டதுன்னா கோயமுத்தூர்லயே 1956ல இருந்து சிட்ராங்கற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்குது, காசு கட்டினா டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கறாங்க. மத்த பெரிய மெஷினுக்கு ஐ-ஸ்டெம் போர்ட்டல்ல தேடுங்க, 2020ல சென்ட்ரல் கவர்மெண்ட் ஆரம்பிச்சது, எந்த இன்ஸ்டிட்யூட்ல எந்த மெஷின் வெளியாளுக்குத் தர்றாங்கன்னு பாத்து புக் பண்ணலாம். டெஸ்டிங் சார்ஜ்னு ஒரு தலைப்புல போட்டா கமிட்டியும் நம்பும், மெஷின் எங்க வெப்பன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ப்ராஜெக்ட் அசிஸ்டெண்டுக்குச் சம்பளம் பெரும்பாலும் இன்டர்னல் கிராண்டுல குடுக்க மாட்டாங்க, ஃபைனல் இயர் பசங்க ரெண்டு பேரை சேத்துக்கோங்க, ஆனா அவிங்க பேரைப் பேப்பர்ல போடோணும், வேலை வாங்கிட்டுப் பேரை மறக்கற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நெறைய.

ஃபார்ம் நெரப்பறதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. தலைப்பு ஒரே வரியில, புரியற மாதிரி. அப்ஜெக்டிவ் ரெண்டு, மிஞ்சினா மூணு. "நாவல்", அதாவது புதுமையானதுங்கற இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துருங்க, எல்லாரும் போடறாங்க. சாட்ஜிபிடியில எழுதினா எழுதுங்க, ஆனா ஒரே சுத்துல பதினஞ்சு ப்ரொபோசல் படிக்கறவனுக்கு எது எங்கிருந்து வந்துச்சுன்னு மூணாவது வரியிலேயே தெரியும். அவுட்கம்ல "ரெண்டு ஸ்கோப்பஸ் பேப்பர் வெளியாகும்"னு (ஸ்கோப்பஸ் பட்டியல்ல இருக்கற ஜர்னல்ல) எழுதாதீங்க, ரிவ்யூவே ஆறு மாசம் ஓடும், "ஒரு பேப்பர் அனுப்பப்படும்"னு எழுதுங்க. ஹெச்ஓடி கையெழுத்தைக் கடைசி நாள் சாயந்திரம் போய் நின்னு வாங்காதீங்க, ரெண்டு நாள் முன்னாடி போய் அஞ்சு நிமிஷம் விளக்கிச் சொல்லிட்டு வாங்குங்க, கமிட்டியில அவருகிட்டத்தான் மொதல்ல கேப்பாங்க.

கிளாஸ்ரூம் டெக்னாலஜிக்கு சில காலேஜ்ல தனி கிராண்ட் இருக்குது, சில எடத்துல இதே சீட் மணியில ஒரு பிரிவு. இதுல நடக்கற கூத்து தனி. எங்க காலேஜ்ல ஒரு டிபார்ட்மெண்ட் 75 இன்ச் டச் பேனல் வாங்கினாங்க, நெம்ப சந்தோஷமா கரும்பலகையைக் கழட்டிட்டு அந்தச் செவுத்துலயே மாட்டினாங்க. எதிர்ச் செவுரு மேக்க பாத்த ஜன்னல். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பேனல்ல தெரியறது பாடம் இல்ல, வெளிய நிக்கற வேப்பமரமும் பார்க்கிங்ல இருக்கற பைக்கும்தான். திரைச்சீலை போடலாம்னா அது எந்த பட்ஜெட் தலைப்புலயும் வராது, ஒரு செமஸ்டர் பூரா பசங்க சார்ட் பேப்பர் ஒட்டி சமாளிச்சாங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் பேனல் ஆஃப் ஆகித் திரும்பி எழுந்திரிக்க ஒரு நேரம் ஆகும், யூபிஎஸ்ஸையும் யாரும் எழுதல. கழட்டுன கரும்பலகை ஸ்டோர் ரூம்ல.

எதையும் கேக்கறதுக்கு முன்னாடி அந்த ரூமுக்குக் காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா போய்க் கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்க. காத்தாடி சத்தத்துல பேசறது கேக்குதா? ஸ்கிரீன்ல 24 சைஸ் எழுத்து படிக்க முடியுதா? பிளக் பாயின்ட் எங்க? பல ரூமுல உண்மையான பிரச்சினை கேக்காததுதான், பாக்காதது இல்ல, அதுக்கு ஒரு காலர் மைக்கும் ஸ்பீக்கரும் போதும். கணக்கு, டெரிவேஷன் நடத்தறவங்களுக்கு ஒரு பேனாவோட டேப்லெட், இருக்கற ப்ரொஜெக்டர்லயே கோத்துக்கலாம். லேப் டெமோ காட்டோணும்னா ஒரு வெப்கேமை ஸ்டாண்டுல கீழ பாத்த மாதிரி மாட்டினா அதுவே டாகுமெண்ட் கேமரா. சாஃப்ட்வேருக்குக் காசு கேக்கறதுக்கு முன்னாடி மூடில், ஜியோஜீப்ரா ரெண்டும் இலவசம்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, கமிட்டியில ஒரு ஆளு கண்டிப்பா கேப்பாரு.

இந்த வகை கிராண்டுல சாமான் லிஸ்ட் மட்டும் குடுத்தா தள்ளிருவாங்க, அதனால பசங்களுக்கு என்ன மாறுச்சுன்னு எப்படி அளப்பீங்கன்னு எழுதோணும். சுலபமா ஒரு வழி, எந்த யூனிட்ல பசங்க வருஷா வருஷம் மார்க் விடறாங்களோ அந்த ஒரு யூனிட்டை மட்டும் எடுங்க. ஏ செக்ஷனுக்குப் புது முறையில, பி செக்ஷனுக்குப் பழைய முறையில நடத்துங்க, முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட், அடுத்த யூனிட்ல ரெண்டு செக்ஷனையும் மாத்திப் போடுங்க, அப்பத்தான் பி செக்ஷன் பசங்க நம்மளை மட்டும் விட்டுட்டாங்கன்னு வெசனப்பட மாட்டாங்க. மார்க்கை வெளியிடறப்பப் பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் இல்லாம வெளியிடோணும்.

பிரசண்டேஷன் பத்து நிமிஷம்னா ஸ்லைடு ஏழுக்கு மேல வேண்டாம். கேள்வி என்ன, யாருக்கு வேணும், நாலு மாசத்துல எந்த மாசம் என்ன, எவ்வளவு காசு எதுக்கு, இது போதும். உலக வெப்பமயமாதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. எனக்கு ரெண்டாவது தடவை உதவுனது என்ன தெரியுங்களா, லேபுல சாம்பிளை வெக்கப் போற அலமாரியையும் பிளக் பாயின்ட்டையும் மொபைல்ல ஃபோட்டோ எடுத்து ஒரு ஸ்லைடுல போட்டேன், போன வருஷம் கேட்ட அதே பெரியவர் அதைப் பாத்துட்டுத் தலையாட்டினாரு, வேற ஒண்ணுமே கேக்கல.

சாங்ஷன் லெட்டர் வந்ததும் அதை ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கறதுக்கு முன்னாடி முழுசாப் படிங்க. கேட்டது ஒன்றரை லட்சம், வந்தது ஒரு லட்சமா இருக்கலாம், எந்தத் தலைப்புல வெட்டியிருக்காங்கன்னு பாருங்க. காசு மொதல்லயே அட்வான்ஸா வருமா, நம்ம காசைப் போட்டுட்டு அப்பறம் வாங்கிக்கற மாதிரியா, பர்ச்சேஸ் செக்ஷனே நேரா வாங்கித் தருவாங்களா, இந்த மூணுல எதுன்னு அன்னைக்கே அக்கவுண்ட்ஸ்ல கேட்டுருங்க. ஒரு தலைப்புக் காசை இன்னொரு தலைப்புக்கு மாத்தோணும்னா செலவு பண்றதுக்கு முன்னாடியே எழுத்துல அனுமதி வாங்கோணும், பின்னாடி கேட்டா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

வாங்கற சாமானுக்கு மூணு கொட்டேஷன், மூணையும் ஒப்பிட்டுப் போடற கம்பேரட்டிவ் ஸ்டேட்மெண்ட், பர்ச்சேஸ் ஆர்டர். சப்ளையர் "நானே மூணும் குடுத்தர்றனுங் மேடம்"னு சொல்லுவாரு, வேண்டாம்னு சொல்லிருங்க. ஒருக்கா கமிட்டிக்கு வந்த மூணு கொட்டேஷன், மூணு கம்பெனி லெட்டர்பேடு, ஆனா மூணுலயும் வாரண்டிங்கற வார்த்தையில அதே எழுத்துப் பிழை அதே எடத்துல. ஆடிட்டருக்கு அதைக் கண்டுபுடிக்க அரை நிமிஷம் ஆகல, கெட்ட பேரு வாத்தியாருக்குத்தான் வந்துச்சு, சப்ளையருக்கு இல்ல. கவர்மெண்ட் காலேஜ், கவர்மெண்ட் யுனிவர்சிட்டின்னா டெண்டர் விதிமுறை தனி, அங்க பர்ச்சேஸ் செக்ஷன் சூப்ரண்டைப் போய்ப் பாத்துட்டுத்தான் மத்த சோலி.

அக்டோபர் முடியறதுக்குள்ள ஆர்டர் போட்டுருங்க, அதைத்தான் மொதல்ல இருந்து சொல்லிட்டு வர்றேன். வெளிநாட்டு கெமிக்கலா இருந்தா ஆறு வாரம், எட்டு வாரம்னு இழுக்கும். ஜனவரியில ஆர்டர் போட்டுட்டு மார்ச் 28ஆம் தேதி பாக்கிங்கைக் கூடப் பிரிக்காம ஸ்டாக் என்ட்ரி போட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

பில் விஷயத்துல நான் ஒருக்கா வாங்குன பேச்சு. அக்கவுண்ட்ஸ்ல எல்லாரும் அண்ணான்னு கூப்புடற ஒருத்தர், பில்லைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏனுங் மேடம், உங்க பேரு இருக்குது, காலேஜ் பேரு எங்கைங்?"ன்னாரு. பில் காலேஜ் பேருல, காலேஜ் ஜிஎஸ்டி நம்பரோட இருக்கோணும், பின்பக்கம் ஸ்டாக் ரெஜிஸ்டர் பக்க எண், வரிசை எண் எழுதி நீங்களும் ஹெச்ஓடியும் கையெழுத்துப் போடோணும். உடையற தீர்ந்துபோற சாமானுக்கு ஒரு ரெஜிஸ்டர், மெஷினுக்கு வேற ரெஜிஸ்டர், மாத்தி எழுதிட்டா அடிச்சுத் திருத்தறதுக்கு ஒரு வாரம் அலையோணும். அந்தப் பில்லைத் திருப்பி வாங்கி சப்ளையர்கிட்ட மாத்தி எடுத்துட்டு வர எனக்குப் பத்தொம்பது நாள் ஆச்சு, அது பிப்ரவரி மாசம், தூக்கம் போச்சு.

முடிக்கறப்ப ரிப்போர்ட், செலவுக் கணக்கு, யூசி (காசு எதுக்குக் குடுத்தாங்களோ அதுக்கே செலவாச்சுங்கற சர்டிபிகேட்). இன்டர்னல் கிராண்டுக்குச் சில காலேஜ்ல ஒரு பக்க ஃபார்ம் போதும், ஆனா நான் சென்ட்ரல் கவர்மெண்ட் ப்ராஜெக்டுக்குக் கேக்கற ஜிஎஃப்ஆர் 12-ஏங்கற யூசி ஃபார்ம் மாதிரியே ஒண்ணு போட்டுப் பழகிக்கிட்டேன், வெளிய கிராண்ட் வாங்குனப்ப கை நடுங்கல. பேப்பர் எழுதறப்ப நன்றி பகுதியில சாங்ஷன் லெட்டர் நம்பரோட காலேஜ் பேரைப் போடுங்க, ஆர் அண்ட் டி செல்லுல அதைத்தான் தேடுவாங்க. காசு குடுத்தா மூணு நாள்ல போடற ஜர்னலுக்கு அனுப்பாதீங்க, அதுக்கு சும்மா இருக்கலாம்.

வெளிய எழுதறதுக்கு இந்த சின்ன டேட்டாதான் படிக்கட்டு. ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கற சென்ட்ரல் கவர்மெண்ட் அமைப்பு எஸ்இஆர்பி இருந்த எடத்துல இப்ப ஏஎன்ஆர்எஃப் இருக்குது, 2023ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது. இளம் ஃபேகல்ட்டிக்குன்னு அவங்ககிட்ட இருக்கற பிரதமர் பேருல உள்ள கிராண்டுல மூணு வருஷத்துக்கு 60 லட்சம் வரைக்கும் கேக்கலாம், வயசு வரம்பு 42, தளர்வு யாருக்கெல்லாம்னு நோட்டிபிகேஷன்லயே பாத்துக்குங்க. அங்க முன்னாடி என்ன பண்ணியிருக்கேன்னு கேக்கற எடத்துல நம்ம ஒரு லட்ச ரூபாய் ப்ராஜெக்டோட நாலு கிராஃபும் மூடுன யூசியும் இருந்தா அந்தக் கட்டம் காலியா இருக்காது.

இன்னொண்ணு மறந்துட்டேன். பஸ் டிக்கெட்டு, பெட்ரோல் பங்க் பில்லு, கொரியர் ரசீது எல்லாம் அந்த வழவழப்புக் காகிதத்துல வரும், நம்ம ஊரு வெயில்ல ஸ்கூட்டர் டிக்கியில ரெண்டு மாசம் கெடந்தா எழுத்தே இருக்காது, வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்குன அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை அதோட சேத்து ஸ்டேப்ளர் போட்டு, ஓரத்துல தேதியும் எதுக்குப் போனோம்ங்கறதும் பேனாவுல எழுதி வெச்சுருங்க.